முதல் தண்ணீரைத் தாமே குடித்த அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது, அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது, கல்லூரி முடித்த அண்ணன் மகள் எழுதட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் அண்ணன் மகளும் முக்கியமாக இதைப் படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், பிள்ளைகளே. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது காரைக்கால் பக்கம் போலகத்தில். எங்கள் அப்பா குத்தகை நிலம் பயிர் செய்தவர். நான் பிறந்தபோது அண்ணனுக்குப் பத்து வயது. எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அப்பா என்றால் அண்ணன்தான். மீசை சரியாக முளைக்காத வயதில் அவர் திருச்சிக்குப் போய் ராணுவ ஆள் எடுப்பில் நின்றார். மார்பு அளவு கொஞ்சம் குறைகிறது என்று தள்ளிவிட்டார்களாம். அடுத்த ஆள் எடுப்பு வரை தினமும் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, மறுபடியும் போய் நின்று தேறினார். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் வாயால் தன்னைப் பற்றி அண்ணன் பெருமையாக ஒன்றும் சொன்னதில்லை.

ராணுவத்தில் அவர் துப்பாக்கி தூக்கி முன்னால் ஓடிய வீரர் இல்லை. பொறியாளர் படையில் குழாய் வேலைக்காரர். பட்டாளம் எங்கே போய் இறங்கினாலும் அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆற்றிலிருந்தோ குட்டையிலிருந்தோ எடுத்து, வடிகட்டி, மருந்து போட்டு, குழாய் வைத்துக் கொடுப்பது அவர் பிரிவின் வேலை. வங்காள தேசப் போரின்போது ஆற்றுக்கு ஆறு தண்ணீர் நிலையம் அமைத்துக்கொண்டே போனார்களாம். அந்த ஆறுகளில் என்னென்ன மிதந்து வந்தன என்று ஒரே ஒரு முறை சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

பிறகு லடாக்கில் இருந்தார். அங்கே குழாய்க்குள் தண்ணீர் கல்லாகிவிடும். இரும்புக் குழாயே வெடித்துப் பிளந்துவிடும். ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டிக் குழாயைப் புதைத்து, வைக்கோலும் சாக்கும் சுற்றி வைப்பார்களாம். ஒரு முறை கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு வால்வைத் திருகப் போய், பனி கடித்து, இடது கைச் சுண்டு விரலின் நுனி போய்விட்டது. என் பிள்ளைகளே, நீங்கள் சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, இதை யாரு கடிச்சா?" என்று கேட்பீர்கள். "பனிதான் கடிச்சுச்சு" என்பார். நீங்கள் நம்பவே மாட்டீர்கள்.

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ஹவில்தார் ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருக்கிறார். புதிதாகத் தண்ணீர் நிலையம் திறக்கும்போது, அதைக் கட்டியவன்தான் முதல் தம்ளரைக் குடிக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவன் குடித்து, சற்று நேரம் எல்லோர் கண் முன்னாலும் நின்ற பிறகுதான் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் தண்ணீர். பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் அண்ணன் இதை விடவில்லை.

ஓய்வு பெற்று வந்ததும் காரைக்கால் மார்க்கெட் பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டார். இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய், எல்போ, டீ, வால்வு என்று நாலு பலகையில் அடங்கிவிடும் கடை. நான் அதுவரை கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது ராணுவத்திலிருந்து நாலு மாதம் எனக்குக் கடிதமே போடாதவர் அவர். கடையில் சேர்ந்த முதல் நாள் பைப் ரெஞ்சைக் கையில் கொடுத்து, "இதையாவது ஒழுங்கா படி" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த பழைய சொல்தாக்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர் வீட்டில்தான் அண்ணனுக்கு முதல் வேலை. அந்தக் கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இந்தியப் பட்டாளம், நான் பிரெஞ்சுப் பட்டாளம். எந்தப் பட்டாளமா இருந்தா என்னய்யா, குழாய் ஒழுகாம இருந்தாச் சரி" என்றார். அண்ணன் வேலையை முடித்து, குழாயைத் திறந்து, முதல் தம்ளரைத் தாம் குடித்துவிட்டு அவர் முன்னால் நிமிர்ந்து நின்றார். கிழவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அவர் சொல்லிச் சொல்லித்தான் ஊரில் பாதி வீட்டு வேலை எங்களுக்கு வந்தது.

எல்லா வீட்டிலும் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு புதுமனை புகுவிழாவில் அந்த வீட்டு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். பூஜைக்கு எடுக்கும் முன்னால் தண்ணீரை எச்சில் செய்யலாமா என்று கேட்டார். அண்ணன் கோபப்படவில்லை.

"அண்ணாந்துதாம்மா குடிப்பேன். சாமிக்குக் குடுக்குற தண்ணிய நல்ல தண்ணியான்னு பாத்துட்டுக் குடுக்குறேன். தப்பா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டு வேலையும் எங்களுக்குத்தான்.

இருபது வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அண்ணன் போட்ட குழாய் ஒழுகியது என்று யாரும் கடைக்கு வந்ததில்லை. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "பட்டாளத்தார் கை தப்பாது" என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

பிள்ளைகளே, இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

சுனாமி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடலோர மீனவர் கிராமமான கிளிஞ்சல்மேட்டில் அன்று நடந்ததை நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்குத் தெம்பு இல்லை. மிஞ்சியவர்கள் சில நாள் கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருந்தார்கள். பிறகு அவர்களுக்காகத் தகரமும் தார் அட்டையும் வைத்துத் தற்காலிக வீடுகள் வரிசையாகப் போட்டார்கள். குடிதண்ணீர் லாரியில் வந்தது. வரும் நாளில் வரும், வராத நாளில் இல்லை. அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் நின்றார். சாமான் கிடைத்தால் போதும், வேலையை நாங்கள் செய்கிறோம் என்று சொல்லி இரண்டு தொட்டி வைக்க ஏற்பாடு செய்தார். ஒன்றில் தூரத்திலிருந்து வரும் நல்ல தண்ணீர், குடிக்க. இன்னொன்றில் அங்கேயே போட்ட ஆழமில்லாத போர்வெல் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும்.

குழாய் போடுவது பெரிய வேலையில்லை. அந்தச் சனங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கத் தயாராக இல்லை, அதுதான் பெரிய வேலை. மண்ணுக்குள் கடல் புகுந்திருக்கிறது, என்னென்ன கலந்திருக்கிறதோ என்ற பயம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "கடலு எனக்கு ஒண்ணைத்தான் விட்டு வச்சிருக்கு. அதுக்கு இந்தத் தண்ணியக் குடுக்க மாட்டேங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு பஞ்சாயத்தாரிடம், குழாய் திறக்கும் அன்று எல்லோரும் வர வேண்டும், முதலில் நான் குடிக்கிறேன், நான் குடித்ததைப் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு செய்யட்டும் என்றார்.

அப்போது பெயிண்ட் கூடக் கிடைக்கவில்லை. மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனைகளில் அடையாளத்துக்கு வலை பின்னும் நைலான் நூலைக் கட்டினோம். நீல நூல் குடிக்கிற தண்ணீர். சிவப்பு நூல் புழங்குகிற தண்ணீர். ஆனால் நூலை நம்பி இணைக்கக் கூடாது, தொட்டி வால்வைத் திறந்து, முனையில் வரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும் என்பது அண்ணன் சட்டம்.

குடிதண்ணீர்க் குழாய் வரிசையின் கடைசி இணைப்பை என்னிடம் விட்டுவிட்டு அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். வெயில் ஏறிவிட்டது. தொட்டிக்கும் முனைக்கும் நான் அன்று காலையிலேயே ஏழெட்டு முறை நடந்துவிட்டேன். நீல நூல் கட்டிய முனை கண்ணுக்கு முன்னால் இருந்தது. இன்னொரு தடவை நடந்துபோய் வால்வைத் திறக்கச் சோம்பலாக இருந்தது. ருசி பார்க்கவில்லை. குழாய் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி இணைத்துவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், வலை பின்னுகிற ஒரு பெரியவர், படகு போய், வீடு போய், கிழிந்த வலை ஒன்று மட்டும் மிஞ்சியவர், அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறார். வலையை இழுத்துக் கட்ட ஒரு கம்பமோ மரமோ அங்கே இல்லை. தரையில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையில் கட்டியிருக்கிறார். வேலை முடிந்து வலையை அறுத்து எடுத்துப் போனபோது வலையின் நீல நூல் முடிச்சு அதிலேயே நின்றுவிட்டது. நாங்கள் கட்டிய சிவப்பு நூல் அதற்குக் கீழே மணலில் புதைந்து கிடந்தது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் குனிந்து மணலைத் தள்ளியிருந்தாலே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை குழாய் திறக்கும் நேரம். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். குழந்தைக்காரப் பெண்ணும் ஓரமாக வந்து நின்றாள். அவள் கையில் குடம் இல்லை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழாயைத் திறந்தார், தம்ளரில் பிடித்தார், அண்ணாந்து குடித்தார். முழுத் தம்ளரும் குடித்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழாயை இறுக்கி மூடினார்.

பஞ்சாயத்தார் கேட்டார்: "என்ன பட்டாளத்தாரே, மூடிட்டீங்க?"

"இன்னிக்கு வேணாங்க. இணைப்புல ஒரு தப்பு நடந்திருக்கு. என் கைத் தப்பு. இது புழங்குற தண்ணி. நாளைக்குக் காலைல இதே நேரத்துக்கு நல்ல தண்ணி தர்றேன்."

வரிசையில் இருந்த ஒரு கிழவி, "பட்டாளத்துக்காரருக்குக் கை நடுங்குற வயசு வந்துருச்சு போல" என்றாள். வேறு யாரோ, "பட்டாளத்துல குடுத்த தண்ணிய நேத்து கொஞ்சம் சாஸ்தியா போட்டிருப்பாரு" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சனங்கள் பல நாளாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். குடியையே தொடாத மனிதர். காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு இருவரும் மண்ணைத் தோண்டினோம். சிவப்பு நூல் வெளியே வந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், மேலே இருந்த நீல முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெறந்து பாத்தியா?"

"இல்லண்ணே."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுக்க ஆரம்பித்துவிட்டார். நான் அழுதேன். ஐம்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அழுதேன். வாயில் வைத்ததும் தெரிந்திருக்குமே, ஏன் துப்பவில்லை என்று கேட்டேன். உப்புக் கரித்தது, வேறு நாற்றமும் இருந்தது என்று சொன்னார். கழிப்பறைக் குழிகள் பக்கத்தில்தான் இருந்தன.

"நான் துப்பியிருந்தா, இந்தக் குழாய இந்தச் சென்மத்துல எவளும் தொட மாட்டா."

சரி, தப்பு தம்பி செய்தது என்று சொல்லியிருக்கலாமே, இப்போதே பஞ்சாயத்தாரிடம் போய் நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நாளையிலேந்து தினம் இங்க வந்து வால்வு தெறக்கப்போறவன் நீ. உன் கைய அவங்க நம்பணும். எங்கிட்ட ஏற்கெனவே கொஞ்சம் பேரு சேந்து கெடக்கு, நான் செலவு பண்ணிக்கிறேன். உங்கிட்ட இன்னும் சேரலடா." பிறகு, "அந்த வலைக்காரரு காதுக்கும் இது போவ வேணாம். அவரு பட்டது போதும்" என்றார்.

இருட்டுவதற்குள் இணைப்பை மாற்றி, வால்வைத் திறந்து, இந்த முறை நானே ருசி பார்த்தேன். அண்ணனுக்கு மாலையிலேயே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. அண்ணி உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கலக்கிக் கொடுத்தார்கள். விடிந்ததும் எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் போய்க் குடித்துக் காட்டுகிறேன், நீங்கள் படுத்திருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. வேறொரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கை என் வயிற்றில் சுட்டது.

குழாய்க்கு முன்னால் நேற்றை விடக் கூட்டம் குறைவு. அண்ணன் வண்டியை விட்டு இறங்கியதும் என்னிடமிருந்து கையை எடுத்துவிட்டார். தனியாக நடந்தார். முதல் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். பிறகு பட்டாளத்தில் நிற்பது போல நின்றார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், அவ்வளவு நேரம் அவர் எப்படி நின்றார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. யாரும் நகரவில்லை. கடைசியில் கைக்குழந்தைக்காரப் பெண்தான் முதலில் வந்தாள். அண்ணன் குடித்த தம்ளரையே வாங்கி, தண்ணீர் பிடித்து, தான் குடித்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் குழந்தைக்கும் கொடுத்தாள். அதற்குப் பிறகு குடங்கள் வந்தன.

அந்தக் குடியிருப்பு இருந்தவரை நான் தினமும் போய் வால்வு திறந்தேன். என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அண்ணன் சொன்னது போலவே எனக்குப் பெயர் சேர்ந்தது. ஆனால் "பட்டாளத்தார் கை தப்பாது" என்ற பேச்சு நின்றுபோனது. சில வேலைகளுக்கு, "தம்பியவே அனுப்புங்க" என்று சொல்லி விட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னை அனுப்பினார். நீங்களும் ஒரு நாள் சாப்பிடும்போது, பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் அவரை ஏணியில் ஏறவிடாதீர்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். பாசத்தில்தான் சொன்னீர்கள். இரண்டு முறை பஞ்சாயத்தார் வீட்டு வாசல் வரை போய், வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். மூன்றாம் நாள் தெளிவாகப் பேசினார், என்னிடம் கடையைப் பற்றிக் கேட்டார், அண்ணியிடம் மோர் கேட்டார். நாலாம் நாள் காலை, நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார்.

கருமாதிக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அந்தப் பெண், இப்போது வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்து அழுதாள். "அவரு கையால தண்ணி குடிச்சோம்மா. ஒரு நாளுதான் அவரு கை தப்புச்சு. அதையும் மறைக்காம ஒத்துக்கிட்டாரு" என்றாள். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அதை அவளிடம் நீட்டினேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அச்சுக்குப் போகும் முன் அவர்கள் அனுமதி வேண்டும் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு அண்ணி சொன்னார்கள்:

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. வயிறு வலிச்சுப் படுத்திருந்தப்ப நான் வற்புறுத்திக் கேட்டேன், சொல்லிட்டாரு. 'நீ யார்ட்டயும் சொல்லாத, அவனே ஒரு நாள் சொல்லுவான்'ன்னாரு. போட்டுருங்க."

அண்ணன் என்னைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறார். அவர் இருக்கும்போது நான் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இருக்கத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நாலு நாளும் கண் விழித்துப் பார்த்த டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய மார்க்கெட் கடைக்காரர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக முப்பது நாளும் வந்து படுத்த பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், தேசியக் கொடி கொண்டுவந்து போர்த்தி மரியாதை செய்த முன்னாள் ராணுவத்தினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு நாள் காலிக் குடத்தோடு திரும்பிப் போக வைத்த என்னையும் வேன் பிடித்து வந்து தேற்றிய கிளிஞ்சல்மேட்டு மக்களுக்கு நன்றி என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த மலரை நானே எடுத்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

என் பிள்ளைகளே, எனக்குப் பிறகு யாராவது உங்களிடம் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தக் குழாயைத் தப்பாக இணைத்தது எங்கள் அப்பா என்று சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தயங்காதீர்கள். அந்த ஒரு நாளையும் பெரியப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புத் தம்பி,
காரைக்கால்